படகு ஏன் கவிழ்கிறது?

முதன்முதலாகப் படகு வாங்குவோர்க்குச் சில இயற்பியல் குறிப்புகள்

புதிதாக மீன்பிடிப் படகு வாங்க விரும்புகிறவர் படகு கட்டும் பட்டறைக்குச் சென்றதும் முதலில் கேட்பது, நீளம் எத்தனை அடி என்பதுதான். அடுத்த கேள்வி, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்? மூன்றாவது, விலை. படகின் அகலத்தைக் கேட்பவர் சிலரே. எந்தச் சுமையை எங்கே வைத்தால் படகு என்ன ஆகும் என்று கேட்பவர் அதனினும் சிலர். படகு கவிழாமல் நிற்பது இந்தக் கேட்கப்படாத இரண்டு செய்திகளையே பெரிதும் பொறுத்திருக்கிறது. அவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் கடற்கரையின் பழைய கலம் கட்டுமரம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் தொடங்கி, சென்னையிலிருந்து நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையிலேயே இழுத்தேற்றக்கூடிய சிறு படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. மெல்ல மெல்லக் கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்டுமரங்களை இழந்தோர் பலர், அதன்பின் ஃபைபர் படகுக்கே மாறிவிட்டனர். ஆகவே படகு என்பது நம் ஊர்கள் பலவற்றில் ஒரு தலைமுறைக்குள் வந்த பொருள். காற்றையும் நீவாட்டையும் மீனையும் பற்றிக் கட்டுமரக்காரர் அறிந்ததெல்லாம் படகிலும் உதவும். ஆனால் கவிழும் முறையில் இரண்டும் வேறு வேறு. கட்டுமரம் தண்ணீர் தேங்க இடமில்லாத கலம். மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். படகோ ஒரு பாத்திரம். இந்த ஒரு வேறுபாட்டின் விளைவை, கட்டுமரத்தில் முப்பது ஆண்டு போனவரும் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

கணக்குக்காக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அதாவது ஏறத்தாழ 26 அடி. நீர்மட்டத்தில் அகலம் 1.8 மீட்டர். எஞ்சின், வலை, ஐஸ், ஆட்கள் எல்லாம் சேர்த்து எடை 1,500 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி இந்தப் படகு 1,500 கிலோ கடல்நீரை விலக்கினால்தான் மிதக்கும். ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோ. ஆகவே விலக்கப்படும் நீர் சுமார் 1.46 கனமீட்டர். (ஆற்று முகத்தில் நீர் உப்பற்றதாகையால் படகு சற்றுக் கூடுதலாக அமிழும். தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் நம் படகில் அந்த வேறுபாடு அரை சென்டிமீட்டர்கூட இல்லை. கடலோடிக்கு அதனால் கவலை இல்லை.)

பயனுள்ள கணக்கு வேறொன்று. அணியமும் அமரமும் குறுகுவதால், நீர்மட்டத்தில் இந்தப் படகின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் எனலாம். படகு 1 செ.மீ. தாழ்ந்தால் விலக்கப்படும் கூடுதல் நீர் 0.1 கனமீட்டர், எடையில் ஏறக்குறைய 100 கிலோ. ஆகவே 100 கிலோ ஏற்றினால் படகு 1 செ.மீ. தாழும், ஒரு டன் மீன் ஏற்றினால் 10 செ.மீ. தாழும். விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரத்தில் இவ்வளவும் கழிந்துவிடும். புதுப் படகு வாங்கியதும், அமைதியான நீரில் படகு வெறுமையாக நிற்கும்போது நீர்மட்டத்தில் ஒரு கோடும், வழக்கமான சுமையுடன் நிற்கும்போது மற்றொரு கோடும் வண்ணத்தால் இட்டு வைப்பது நல்லது. பிறகு கண்ணால் பார்த்தே சுமையை மதிப்பிடலாம். பத்து ரூபாய் வண்ணத்தில் கிடைக்கும் தராசு அது.

இரண்டு மையங்கள்

தாழ்வது ஒன்று, சாய்வது மற்றொன்று. சாய்வை அறிய இரண்டு புள்ளிகளை மனத்தில் கொள்ள வேண்டும். படகு, எஞ்சின், ஆட்கள் ஆகியவற்றின் மொத்த எடையும் கீழ்நோக்கிச் செயல்படும் புள்ளி ஈர்ப்பு மையம். நீரில் அமிழ்ந்த பகுதியின் நடுவே, நீரின் உந்துதல் மேல்நோக்கிச் செயல்படும் புள்ளி மிதப்பு மையம். படகு நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் உள்ளன.

படகு சற்று வலப்புறம் சாய்கிறது எனக் கொள்வோம். சுமைகள் நகராவிட்டால் ஈர்ப்பு மையம் படகில் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் வலப்புறம் கூடுதலாக அமிழ்வதால் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு மையம் வலப்புறம் நகர்கிறது. இப்போது எடை ஒரு கோட்டிலும் உந்துதல் அதற்கு வலப்புறமாக வேறொரு கோட்டிலும் செயல்படுகின்றன. இந்த இணை படகைத் திருப்பி நிமிர்த்துகிறது. படகின் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கிறது; அப்படியிருந்தும் படகு நிமிர்வதற்குக் காரணம் மிதப்பு மையத்தின் இந்த நகர்வே.

சாய்ந்த நிலையில் மிதப்பு மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு வரைந்தால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயர். இதை வகுத்துச் சொன்னவர் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர். புவியின் வடிவத்தை அளக்க 1735இல் தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட குழுவில் ஒருவர் அவர். கப்பல்களைப் பற்றிய அவருடைய நூல் 1746இல் வெளிவந்தது. ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருக்கும் வரை படகு நிமிரும். மேலே போய்விட்டால் அதே இணை படகை மேலும் சாய்க்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரத்தைப் படகின் கையிருப்பு என்று சொல்லலாம். நம் எடுத்துக்காட்டுப் படகில் அது சுமார் 1 மீட்டர்.

இந்தக் கையிருப்பைத் தருவது முக்கியமாக அகலம். மிதப்பு மையத்துக்கு மேல் மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது நீர்மட்ட அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. 1.5 மீட்டர் அகலமுள்ள படகையும் 1.8 மீட்டர் அகலமுள்ள படகையும் ஒப்பிடுங்கள். அகல விகிதம் 1.2, அதன் மும்மடி 1.73. நீளமும் எடையும் அதேயானால், ஒரு முழங்கைகூட இல்லாத இந்த அகல வேறுபாடு, சாய்வை எதிர்க்கும் ஆற்றலின் அந்தப் பகுதியை ஏறத்தாழ முக்கால் பங்கு கூட்டிவிடுகிறது. நீளத்தை அதே விகிதத்தில் கூட்டினால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குதான். எனவே, விலைக்குள் அடங்க நீளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அகலத்தை விட்டுக்கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

இனி ஒரு நடைமுறைச் சூழ்நிலை. வலையைப் பார்க்க மூன்று பேர் ஒரே பக்க விளிம்புக்குப் போகிறார்கள். ஆளுக்கு 70 கிலோ, நடுவிலிருந்து 80 செ.மீ. தூரம். கணக்கிட்டால் படகு சுமார் 6 பாகை சாயும். அந்தப் பக்க விளிம்பு 10 செ.மீ. இறங்கும். இது அஞ்சத்தக்கதன்று. ஆனால் இந்தக் கணக்கு, படகின் உட்புறம் உலர்ந்திருக்கும் வரைதான்.

உள்ளே வந்த தண்ணீர்

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அகன்ற தட்டு ஒன்றில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, இரு கைகளால் ஏந்தி நடங்கள். தட்டு ஓர் இம்மி சாய்ந்ததும் தண்ணீர் முழுதும் அந்தப் பக்கம் ஓடி மேலும் சாய்க்கும். அதே தண்ணீரை மூடிய புட்டிகளில் நிரப்பித் தட்டில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எடை அதேதான், ஓட இடமில்லை, அவ்வளவே.

படகுக்குள் தேங்கிய தண்ணீரும் இப்படித்தான். படகு சாய்ந்தால் சுமைகள் இடம் மாறாது என்று மேலே கொண்டோம் அல்லவா? தண்ணீர் அந்த நிபந்தனையை மீறுகிறது. சாயும் பக்கத்துக்கே எடை ஓடுகிறது. இதன் விளைவு, ஈர்ப்பு மையத்தை அப்படியே மேலே தூக்கி வைத்ததற்குச் சமம் என்று கணிதம் காட்டுகிறது. வியப்பு என்னவென்றால், அந்த இழப்பு தண்ணீரின் ஆழத்தை அவ்வளவாகப் பொறுத்ததன்று. அதன் மேற்பரப்பின் அகலத்தையே பொறுத்தது, அதுவும் மும்மடியாக. தரை நனையும் அளவு ஈரமானால் சிறிது சாய்ந்ததுமே ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், தீங்கு குறைவு. கணுக்கால் அளவு வந்துவிட்டால் கதை வேறு.

நம் படகில் 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத் தரையில் 10 செ.மீ. தண்ணீர் நிற்பதாகக் கொள்வோம். பார்வைக்குக் கொஞ்சம்தான். எடையோ 600 கிலோவுக்கு மேல்! படகு 6 செ.மீ. தாழ்ந்துவிடுகிறது. 1 மீட்டராக இருந்த கையிருப்பு சுமார் 40 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. அதே மூன்று பேர் அதே விளிம்புக்கு வந்தால், முன்பு 10 செ.மீ. இறங்கிய விளிம்பு இப்போது, தாழ்ந்ததையும் சேர்த்து, 23 செ.மீ. அளவுக்கு இறங்குகிறது. அப்போது ஒரு சிறு அலை வந்தால் விளிம்பின் மேலே புகும். தண்ணீர் கூடும், கையிருப்பு மேலும் சுருங்கும், அடுத்த அலைக்கு விளிம்பு இன்னும் தாழ்வாக இருக்கும். விளிம்பு நீருக்குள் போனபின் மேலே சொன்ன கணக்குகள் எதுவும் உதவா. படகுகள் பல கவிழ்வது இந்த வரிசையில்தான். பெரிய அலை ஒன்று தூக்கி எறிந்தது என்று பிறகு நினைப்போம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, இறைக்காமல் விட்ட தண்ணீர் அந்த வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஆகையால் இறைக்கும் வாளியைக் கயிற்றில் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு வாளிகள் இருந்தால் நல்லது. படகு கட்டும்போதே நீளவாக்கில் நடுவில் ஒரு தடுப்பு வைக்கச் சொல்லலாம். ஒரே தடுப்பால் தண்ணீர்ப் பரப்பின் அகலம் பாதியாகிறது. மும்மடிக் கணக்கில் ஒவ்வோர் அறையின் தீங்கும் எட்டில் ஒன்று. இரண்டு அறைகளும் சேர்ந்து கால் பங்கு. நம் எடுத்துக்காட்டில் கையிருப்பு 40 செ.மீ. என்பது ஏறக்குறைய 65 செ.மீ. ஆகிவிடும். குறுக்குத் தடுப்புகள் எத்தனை வைத்தாலும் பக்கச் சாய்வில் இந்த நன்மை வராது. அவை தண்ணீர் அணியத்துக்கும் அமரத்துக்குமாக ஓடுவதை மட்டுமே தடுக்கும். பட்டறையில் குறுக்குத் தடுப்பைக் காட்டி இதுவே போதும் என்று சொன்னால், இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

மீனும் ஓரளவு தண்ணீரே. வழுவழுப்பான மீனைத் தளத்தில் குவித்தால், சாயும் பக்கம் அப்படியே சரியும். பெட்டிகளிலோ கூடைகளிலோ அடைத்துத் தரையோடு வைத்தால் அது வெறும் எடையாகிவிடும். உருகிய ஐஸ் நீருக்கும் இதே விதிதான். நனைந்த வலையைப் பலகைமேல் மலைபோல் குவிக்காமல் தரையில் பரப்புவதும் இதனால்தான்.

ஊஞ்சல் சோதனை

கையிருப்பு எவ்வளவு என்று படகின் சொந்தக்காரர் எப்படி அறிவது? இதற்குக் கருவி வேண்டாம்; விநாடி காட்டும் கைக்கடிகாரம் போதும். துறைமுகத்திலோ கழியிலோ அமைதியான நீரில் படகைத் தளர்வாகக் கட்டிவிட்டு, ஒரு விளிம்பை அழுத்தி அழுத்தி விட்டுப் பக்கவாட்டில் ஆடச் செய்யுங்கள். கையை எடுத்தபின், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்த் திரும்புவது ஓர் ஆட்டம். படகின் ஆட்டம் விரைவில் அடங்கிவிடும். நான்கைந்து ஆட்டங்களின் நேரத்தை அளந்து வகுத்தால் ஓர் ஆட்டத்தின் நேரம் கிடைக்கும். இதைப் பலமுறை செய்து சராசரி காண்பது நல்லது.

தனி ஊசலைப் போலவே இங்கும் நிமிர்த்தும் விசை குறைந்தால் ஆட்டம் மெதுவாகும். கையிருப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஆட்ட நேரம் மாறும். நம் படகு உலர்ந்த நிலையில் சுமார் 1.4 விநாடியில் ஆடும். தண்ணீர் தேங்கிய நிலையில் அது 2.3 விநாடி ஆகிவிடும். சிறு மீன்பிடிக் கலங்களுக்கு ஓர் எளிய கைக்கணக்கு உண்டு: விநாடியில் அளந்த ஆட்ட நேரம், மீட்டரில் அளந்த அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1.8 மீட்டர் அகலத்துக்கு 1.4 விநாடி சரி, 2.3 விநாடி ஆபத்து. வெறும் படகில் ஒருமுறையும் முழுச் சுமையில் ஒருமுறையும் அளந்து எழுதி வையுங்கள்.

வெடுக்கென்று ஆடும் படகைக் கண்டு புதியவர் அஞ்சுவதும், தொட்டில்போல மெல்ல ஆடும் படகை விரும்புவதும் இயல்பே. உண்மை நேர்மாறானது. வீடு திரும்பும்போது படகின் ஆட்டம் காலையில் இருந்ததைவிடச் சோம்பலாகத் தோன்றினால், உடனே தரையைப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட சோதனை ஒன்றைச் செய்தும் பயன்கொள்ளாத கதை வரலாற்றில் உண்டு. சுவீடன் நாட்டின் வாசா என்ற போர்க்கப்பல் புறப்படும் முன், 30 மாலுமிகளைத் தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். கப்பலின் பயணத்தை மட்டும் நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் புறப்பட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கிற்று. 1961இல் அதை மேலே எடுத்தனர். இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கயிறு இழுக்கும்போது

வலை அடியில் பாறையிலோ மூழ்கிய கலத்திலோ மாட்டிக்கொள்வது அடிக்கடி நேர்வது. அந்தக் கயிறு பக்க விளிம்பின் மேலாக வந்தால் என்ன ஆகும்? அலை வந்து படகை 10 செ.மீ. உயர்த்த முயல்கிறது, கயிறோ விடவில்லை. 1 செ.மீட்டருக்கு 100 கிலோ என்று முதலில் கண்டோம். படகு சாயாமல் நின்றால் கயிற்றின் இழுவை 1,000 கிலோ எடைக்குச் சமமாக ஏறும். கயிறு அறுந்தால் நல்லது. பெரும்பாலும் அதற்கு முன் படகு சாய்ந்து கொடுத்துவிடும். மாட்டிய கயிற்றை அணியத்துக்குக் கொண்டுவந்து இழுப்பதே முறை. படகு நீளவாக்கில் சாய்வதை எதிர்க்கும் ஆற்றல், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம் படகுக்கு அது ஏறக்குறைய 20 மடங்கு. கயிறு அறுக்கும் கத்தி ஒன்று எப்போதும் கையருகே இருக்கட்டும். வலையின் விலையை எண்ணித் தயங்கும் நேரம் அதுவன்று.

நங்கூரமும் அணியத்தில்தான் போட வேண்டும். அமரத்தில் ஏற்கெனவே எஞ்சினின் எடை. அதைப் பொருத்துவதற்காக அங்கே விளிம்பும் தாழ்வு. நங்கூரக் கயிறும் அங்கேயே இழுத்தால் அலை நேரே உள்ளே வரும்.

கரையேறும்போது அலை உடையும் இடத்தைக் கடப்பதைப் பற்றி நம் கடலோடிகளுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை மட்டும் குறிப்பிடலாம்: 2 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். அலையின் பின்முதுகில் தங்கிப் போக வேண்டுமானால் அந்த வேகத்துக்கு எஞ்சினை அடக்கி ஓட்ட வேண்டும். அலையை முந்தினால் அணியம் நீரில் குத்தி, அமரம் சுழன்று, படகு அலைக்குப் பக்கத்தைக் காட்டிவிடும்.

நுரையை எங்கே வைப்பது?

மரம் மிதக்கும். கண்ணாடியிழைப் பொருளின் அடர்த்தியோ நீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அது மூழ்கும். 600 கிலோ எடையுள்ள படகின் உடல் முழுதும் நீரில் அமிழ்ந்தாலும் சுமார் 410 கிலோ நீரையே விலக்கும். மீதி 190 கிலோவையும், எஞ்சின் முதலிய உலோகப் பொருள்களையும் தாங்க ஏதாவது வேண்டும். அதற்காகத்தான் மூடிய அறைகளில் நுரை அடைக்கிறார்கள். இந்த அளவுப் படகுக்கு 300 லிட்டர் நுரை இருந்தால் படகு மட்டும் மூழ்காமல் நிற்கும். ஆட்களையும் தாங்க வேண்டுமானால் இன்னும் கூடுதலாக வேண்டும். வாங்கும்போது நுரை இருக்கிறதா என்று கேட்பதோடு, எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அடித்தரையில் மட்டும் நுரை இருந்தால், தண்ணீர் நிறைந்த படகில் அது மேலே வரப் பார்க்கும், படகு தலைகீழாகும். இரு பக்கமும் விளிம்பை ஒட்டி மேலே இருந்தால், நிறைந்த படகும் நேராக நிற்கும். இறைத்து மீட்கவும் வழி உண்டு. தலைகீழானாலும் மிதக்கும் படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. தேடி வருபவர் கண்ணுக்கு மனிதத் தலையைவிடப் படகு எளிதில் தெரியும்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலின்போது கன்னியாகுமரி மாவட்டத்தவர் பலர் செய்தி எட்டாத தூரத்தில் இருந்தனர், மீளாதோர் பலர். கரையிலிருந்து புறப்படும் முன்பே கடல் நிலையை அறிந்துகொள்ள இப்போது வழிகள் உள்ளன. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சிறு கலங்களுக்கென்றே ஒரு முன்னறிவிப்புச் சேவையை 2020இல் தொடங்கியது. 7 மீட்டர் வரை அகலமுள்ள கலங்களுக்கு, அலையின் உயரம், அதன் செங்குத்து, காற்றலை திடீரென வளரும் வேகம் முதலியவற்றைக் கொண்டு, கவிழும் வாய்ப்புள்ள பகுதிகளை அது முன்கூட்டிச் சொல்கிறது. அந்தக் கணக்கிலும் படகைப் பற்றிக் கொள்ளும் முதன்மையான அளவு அகலமே. ஆகவே படகு வந்து சேர்ந்த அன்றே அளவுநாடாவால் அகலத்தை அளந்து, ஆட்ட நேரத்தோடு சேர்த்து, அமரத்தின் உட்பக்கத்தில் அழியாத வண்ணத்தில் எழுதிவிடுங்கள்.